வேண்டுதல் தாடி

அந்தச் செய்தி என் காதில் விழுந்தபோது தொண்டைக்குழிக்கு நேர் மேலே ஒரு சவரக்கத்தி இருந்தது. கத்தியைப் பிடித்திருந்தவர் ஆயுள் கைதி. செய்தியைச் சொன்னவரும் அவரேதான். கெட்ட செய்தி கேட்டால் மனிதன் உட்காருவான், எழுந்திருப்பான், குறைந்தபட்சம் தலையையாவது ஆட்டுவான். எனக்கு எச்சில் விழுங்கக்கூட வழியில்லை.

"சார், ரிசல்ட்டு வந்துச்சு. எனக்கு இருக்குதாம்" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆடாதீங்க" என்றார்.

சுனாமி வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். கடலூர்ப் பக்கம் ஒரு ஜெயிலில் கைதிகளுக்கு எச்.ஐ.வி. பற்றி வகுப்பெடுப்பது என் வேலை. எந்த ஜெயில் என்பது வேண்டாம். ஒரு தொண்டு நிறுவனம் சம்பளம் கொடுத்தது. அதற்கு முன்பு நான் கல்யாண மண்டபங்களில் மைக் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்து பிழைத்தவன். பேச வரும், வெட்கம் கிடையாது என்ற இரண்டு தகுதிகளைப் பார்த்துத்தான் என்னை எடுத்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருநாள் சிதம்பரத்தில் பஸ் ஏறுவேன். பை நிறையப் படங்கள், ஆணுறை மாட்டிக் காட்டுவதற்கு ஒரு மரப் பொம்மை. ஜெயில் வாசலில் பையைச் சோதிக்கும் வார்டர் எல்லாவற்றையும் கையால் புரட்டுவார். அந்தப் பொம்மையை மட்டும் கண்ணால் சோதித்து அனுப்பிவிடுவார்.

பஸ்ஸில் எனக்குப் பெயர் 'எய்ட்ஸ் சார்'. "எய்ட்ஸ் சாருக்கு கொஞ்சம் எடம் குடுப்பா" என்று கண்டக்டர் சொல்வார். பக்கத்திலிருப்பவர் முழு இடத்தையும் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுவார். கடலூர் வரைக்கும் காலை நீட்டிக்கொண்டு போவேன். தொழிலில் கிடைத்த ஒரே சௌகரியம் அது.

ஜெயிலில் தகரக் கொட்டகை ஒன்றில் வகுப்பு. கேள்விகள் ஜாஸ்தி வரும். கொசு கடித்தால் வருமா, ஒரே பீடியை இரண்டு பேர் இழுத்தால் வருமா, ஊசியால் பச்சை குத்திக்கொண்டால் வருமா. பதில் சொல்லும்போது தூங்குவார்கள். இப்படியே போனால் வேலை போய்விடும் என்ற பயத்தில்தான் எனக்கு ஒரு யோசனை உதித்தது. ஜெயிலுக்கு முடிவெட்டுகிற கைதி ஒருவர் உண்டு. அவரைக் கொட்டகைக்கே வரச் சொன்னேன். நடுவில் ஒரு மர ஸ்டூல். புது பிளேடை உறையோடு எல்லாருக்கும் தூக்கிக் காட்டுவார், இரண்டாக ஒடிப்பார், ஒரு பாதியைக் கத்தியில் சொருகுவார். ஆளுக்குப் பாதி. பயன்படுத்திய பாதி டப்பாவில் விழும். போகும்போது வார்டர் டப்பாவை எண்ணி வாங்கிக்கொள்வார். ஸ்டூலில் யார் உட்கார்ந்தாலும் கொட்டகையே சேர்ந்து கேட்க வேண்டும்: "பிளேடு மாத்தியாச்சா?" அவர் ஒடித்த பாதியை உயர்த்திக் காட்டினால்தான் நுரை. முதல் ஆள் எப்போதும் நான். முகமெல்லாம் நுரையோடு நான் வகுப்பெடுக்க, யாரும் தூங்கவில்லை. ஒரு எய்ட்ஸ் சார் கைதியிடம் கழுத்தை நீட்டுவதைப் பார்க்க வேறு கொட்டகைகளிலிருந்தும் வந்தார்கள்.

அந்தக் கைதிக்குக் கிள்ளைப் பக்கம் ஊர். நாற்பதைத் தாண்டியவர். வெளியில் இருந்தவரை இறால் பண்ணையில் வேலை; கத்தரிக்கோலைத் தொட்டதே உள்ளே வந்துதான். அதிகம் பேசமாட்டார். எதற்காக உள்ளே வந்தார் என்று நான் கேட்டதில்லை. நோய் எப்படி வந்தது என்றும் பிறகு கேட்கவில்லை. அதை யாரிடமும் கேட்கக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனே நான்.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே ஒருவர்மேல் ஒருவர் கை படுவது சண்டையில்தான். இந்த ஸ்டூலில் மட்டும் ஒரு கை வந்து தாடையை நிமிர்த்தும், காதை மடக்கும், நெற்றியைப் பின்னால் சாய்க்கும். பெரிய ரவுடி என்று பெயர் எடுத்தவன் கண்ணை மூடிக்கொள்வான். ஒரு கிழவர் தூங்கியே போவார். அவரை எழுப்பாமலே இவர் வேலையை முடிப்பார்.

இன்னொன்றும் உண்டு. ஜெயிலில் ரகசியம் பேச இடமில்லை. இரண்டு பேர் ஒதுங்கினால் வார்டர் பார்ப்பார். வார்டர் பார்க்காவிட்டால் மற்ற எல்லாரும் பார்ப்பார்கள். ஒருவர் வாய் இன்னொருவர் காதுக்குப் பக்கத்தில் போனாலும் யாரும் சந்தேகப்படாத ஒரே இடம் அந்த ஸ்டூல். என் வகுப்பைக் கேட்டுத்தான் அவர் ரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டினார். முடிவை எனக்குச் சொல்ல அவருக்கு வேறு இடம் கிடையாது.

கத்தி என் கீழுதட்டுக்கு அடியில் வந்தபோது இரண்டாவதாக ஒன்று கேட்டார். "வெளிய தெரிஞ்சா ஸ்டூல எடுத்துடுவாங்களா சார்?"

உதட்டை அசைக்க முடியாது. முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்தபோது எதிரே கொட்டகை நிறைய ஆள். "ஒண்ணும் ஆவாது" என்று பொதுவாகச் சொன்னேன். அவருக்குச் சொன்னேனா எனக்குச் சொல்லிக்கொண்டேனா என்று இன்றுவரை தெரியவில்லை.

பிளேடு மாற்றினால் சவரத்தில் பயமில்லை. கை பட்டால் வராது. இதை நான் படம் போட்டு, பாட்டுப் பாடி, மரப் பொம்மையைத் தூக்கிக் காட்டிச் சொல்லியிருக்கிறேன். அறிவெல்லாம் தலையில்தான் இருந்தது. பயம் கன்னத்தில் இருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் டிரைவர் கண்ணாடியில் என் தாடையைத் தேடிக்கொண்டே வந்தேன். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனிகளின் வாசனை ஏறியதும் எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் மட்டும் காதோரத்தைப் பொத்திக்கொண்டிருந்தேன். போன மாதம் அங்கே ஒரு கீறல் பட்ட ஞாபகம். பட்டதா? மச்சமா? நாற்பத்தாறு வருஷமாக என் முகத்தில் இருந்த மச்சத்தை அன்று முதல்முறையாகச் சந்தேகப்பட்டேன்.

பரிசோதனை செய்துகொள்ளச் சிதம்பரத்தில் முடியாது. எல்லாருக்கும் என்னைத் தெரியும். கடலூரிலும் அதே கதை. விழுப்புரம் போனேன், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. ஆலோசனை அறையில் உட்கார்ந்திருந்தவர் என்னோடு பயிற்சிக்கு வந்தவர். துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்காமல் எல்லாவற்றையும் முறைப்படி விளக்கினார். கடைசியில் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்தார். நான் எழுதியது. 'பயம் வேண்டாம், தெளிவு போதும்' என்று தலைப்பு வைத்திருந்தேன்.

இல்லை என்று முடிவு வந்தது. மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்த்தால்தான் நிச்சயம் என்றும் அந்தப் பிரசுரத்தில் நானே எழுதியிருந்தேன்.

அடுத்த வாரம் சவரம் செய்யாமல் கிளம்பினேன். வீட்டில் தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்து, முகம் ஏன் இப்படி இருக்கிறது என்றாள். பொய் வாயில் தயாராக இருந்தது. வேண்டுதல் என்றேன்.

"யாருக்கு?"

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு ஒடம்பு சரியில்ல."

மிஷின் நின்றது. இருபது வருஷத்தில் நான் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை. கோயிலில் பிரசாத வரிசையில் மட்டும் நிற்கிறவன். அவள் உள்ளே போய் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாள். ஆள் யாரென்றே தெரியாமல் முடிகிறாயே என்று கேட்டேன். "நமக்குத் தெரியலன்னா இன்னா, சாமிக்குத் தெரியும்" என்றாள்.

ஜெயிலில் வேண்டுதலுக்கு மரியாதை உண்டு. ஸ்டூல் பக்கம் போகாமல் தாடையைத் தடவிக் காட்டினேன், எல்லாரும் தலையாட்டிக்கொண்டார்கள். முடிவெட்டுகிறவரும் ஆட்டினார். ஆனால் தாடியைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தார். நான் படத்தை விரிக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டேன். நான் ஸ்டூலில் உட்காராததால் அவராலும் என்னிடம் எதுவும் சொல்ல முடியாது என்பது எனக்கு உறைத்தது. உறைத்தபோது, கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

கைதிகளில் பாண்டிச் சரக்கு கடத்தி மாட்டிய ஒருவன் இருந்தான். வாயாடி, வயது வித்தியாசம் பார்க்காமல் கொட்டகையில் பாதிப் பேர் அவனுக்கு மாமா, மீதிப் பேர் மச்சான். இரண்டாவது வாரம் அவன்தான் கேட்டான்.

"வேண்டிக்கிட்டா தாடி வளப்பாங்க, அது சரி சார். ஸ்டூல்லேர்ந்து எட்டி நின்னுதான் பேசுவேன்னு கூடவா வேண்டிக்கிட்டீங்க?"

அப்போதுதான் கவனித்தேன். கொட்டகையின் கடைசித் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசை எது என்பதே மாறிப்போயிருந்தது.

அதற்கடுத்த வாரம் ஸ்டூலுக்கு நாலைந்து பேர்தான் வந்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் நான் உள்ளே நுழைந்தபோது கொட்டகை நிறைந்திருந்தது. எல்லாருக்கும் தாடி. வெள்ளைத் தாடி, கறுப்புத் தாடி, இன்னும் சரியாக முளைக்காத தாடி.

"நாங்களும் வேண்டிக்கிட்டோம் சார்" என்றான் சரக்குக்காரன்.

யாரும் சிரிக்கவில்லை. முடிவெட்டுகிறவர் ஸ்டூலில் தானே உட்கார்ந்திருந்தார். மடியில் டப்பா. பிளேடுகள் உறை பிரிக்காமல் இருந்தன. அவருடைய முகம் மட்டும்தான் அங்கே வழுவழுவென்று இருந்தது.

யாருக்கும் எதுவும் தெரியாது. யாரும் அவர்களிடம் எதுவும் சொல்லவில்லை. சாருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, அதனால்தான் சார் ஒதுங்குகிறார் என்பது மட்டும் தெரியும். ஒரு வருஷமாக நான் சொன்ன பாடம் எதுவும் ஏறவில்லை. சொல்லாமல் வளர்த்த தாடி ஒரே மாதத்தில் ஏறிவிட்டது. என்னைவிட நல்ல ஆசிரியராக என் தாடி இருந்தது.

டப்பாவை எண்ணி வாங்க வந்த வார்டர் சாதாரணமாகச் சொன்னார்: சவரத்துக்கு ஆளே வரவில்லை, ஒரு ஆளைச் சும்மா உட்கார வைக்க முடியாது, திங்கள்கிழமையிலிருந்து தோட்ட வேலைக்கு அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். முடிவெட்டுகிறவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "சரிங்கய்யா" என்றார்.

திங்கள்கிழமைக்குள் எனக்கு வகுப்பு கிடையாது. பஸ்ஸுக்கு மணியாகிவிட்டது. திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தாடி அரித்தது. பொய்க்குப் பொய் யோசித்துத் தலையும் அரித்தது. அதோடு, அவர் "சரிங்கய்யா" என்ற விதம் காதிலேயே நின்றுகொண்டிருந்தது.

கொட்டகையில் யாரும் கேட்கவில்லை. நானே கேட்டேன்.

"பிளேடு மாத்தியாச்சா?"

குரல் உடைந்து பள்ளிக்கூடப் பையன் குரல் போல வந்தது. அவர் உறையைப் பிரித்து, பிளேடைத் தூக்கிக் காட்டி, ஒடித்தார். முதலில் கத்தரியால் தாடியைக் குறைத்தார். பிறகு நுரை. குனிந்தபோது காதருகே மெதுவாகக் கேட்டார்.

"வேண்டுதல் முடியலியே சார்?"

"முடிஞ்சிது."

"கண்ண மூடிக்குங்க."

மூடினேன். கண்ணை மூடிய பிறகுதான் டகடகவென்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டூலின் கால் சிமெண்டுத் தரையில் ஆடுகிற சத்தம். ஸ்டூல் தானாக ஆடுமா? என் முழங்கால்தான். "ஆடாதீங்க" என்றார். ஆடாமல் இருக்க மூச்சைப் பிடித்தேன். மூச்சு தீர்ந்து தாடை எகிறியது. முகவாயில் சுரீர் என்றது.

கண்ணைத் திறந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒவ்வொரு விரலாகத் திருப்பிப் பார்த்தார். நுனி, இடுக்கு, நகக்கண். தன் கையில் எங்காவது கீறல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அப்போதும் கிட்டே வரவில்லை.

நான் எழுந்தேன். பொய் சொல்வானேன், எழுந்தேவிட்டேன். ஒரு கன்னம் வழுவழு, மறு கன்னம் புதர், முகவாயில் ரத்தம், கழுத்தில் துண்டு. கால் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"சார், பாதி வேண்டுதல்தான் முடிஞ்சிருக்கு" என்றான் சரக்குக்காரன்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கொட்டகையே சிரித்தது. ஊரையெல்லாம் கிண்டல் செய்து பிழைத்தவன் நான். ஒரு நல்ல கிண்டல் விழுந்தால் சிரிக்காமல் எனக்கு நிற்க வராது. சிரித்தேன். சிரித்த வேகத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"படிகாரம் வைங்கண்ணே" என்றேன்.

அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் படிகாரக் கட்டியைத் தண்ணீரில் நனைத்தார். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு ஒரு கையால் என் தாடையைப் பிடித்து, மறு கையால் அழுத்தித் தேய்த்தார். எரிந்தது. ரத்தம் பட்ட பாதியை டப்பாவில் போட்டுவிட்டு இன்னொரு பாதியைக் கத்தியில் சொருகினார்.

பின்னாலிருந்து கிழவர் குரல் கேட்டது. வகுப்பில் தூங்காதவர்களில் ஒருவராக அவரை நான் எண்ணியதே இல்லை.

"பிளேடு மாத்தியாச்சா?"

அவர் கத்தியைத் தூக்கிக் காட்டினார்.

நான் எழுந்ததும் சரக்குக்காரன் வந்து உட்கார்ந்தான். தனக்கும் வேண்டுதல் முடிந்துவிட்டது என்றான். பாதிச் சவரத்தில் முடிவெட்டுகிறவர் அவன் காதருகே குனிவதைப் பார்த்தேன். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தான். கூரைத் தகரத்தைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கன்னத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் யாரிடம் என்ன சொன்னானோ எனக்குத் தெரியாது. சிலர் அதன் பிறகு ஸ்டூலுக்கு வரவேயில்லை. தாடியை வளர்த்துக்கொண்டே விடுதலையாகிப் போனார்கள். வந்தவர்கள் வந்தார்கள். வரிசை முன்பிருந்த நீளத்துக்கு வரவில்லை. ஆனால் தோட்டத்துக்குப் போகச் சொல்லும் அளவுக்குக் குறையவும் இல்லை.

வீட்டில்தான் நான் மாட்டினேன். மழித்த முகத்தோடு வாசலில் நின்றவனைப் பார்த்ததும் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது. அந்தத் தெரிந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறாள். இல்லை, நன்றாக இருக்கிறார் என்றதும் கோபம் வந்தது. சாமிக்கு வைத்திருந்த முடியை எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஜெயிலில் என்றேன்.

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று, விழுப்புரம் உட்பட. விழுப்புரத்துக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றபடி மிஷினைத்தான் மிதித்துக்கொண்டிருந்தாள். நான் பொய்யாகத்தான் வேண்டிக்கொண்டேன், அதனால் கணக்கில்லை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க பொய்யா வேண்டிக்கிட்டீங்க. நான் நெசமாத்தான வேண்டிக்கிட்டேன்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருவதிகைக்குப் போனோம். அங்கேதான் அவள் பிறந்த வீடு; வயலோரத்தில் அவர்கள் குலதெய்வம். தாடி போய்விட்டதால் தலையைக் கொடு என்று தீர்ப்பாகிவிட்டது. மொட்டை போடுகிறவர் முன்னால் உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் பிளேடு மாற்றியாகிவிட்டதா என்று கேட்டேன். எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள் என்று முறைத்தார். மனைவி மஞ்சள் துணியை அவிழ்த்து ரூபாயை உண்டியலில் போட்டுவிட்டு, முன்பின் பார்த்திராத ஒரு கைதிக்காகக் கண்ணை மூடி நின்றாள்.

மொட்டையும் சந்தனமுமாக ஜெயிலுக்குள் நுழைந்தபோது வரவேற்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரப் பொம்மையைத் தொடவே பயந்த வார்டர் என் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் எனக்கு இல்லை என்றே வந்தது. என் வேலை அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஓடியது. மாத்திரை ஆரம்பிக்கும் அளவுக்கு இன்னும் உடம்பு இறங்கவில்லை என்று முதலில் அவரிடம் சொல்லியிருந்தார்கள். பிறகு மாதத்துக்கு ஒருநாள் காவலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஆரம்பித்தார். மெலிந்தார், கொஞ்சம் தேறினார், மறுபடி இருமினார். நிறுவனம் திட்டத்தை முடித்துக்கொண்டபோது அந்த ஸ்டூல் அவரிடம்தான் இருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. கிள்ளைக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்தால் மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

மொட்டையோடு போன அன்று சவரம் தேவைப்படவில்லை. ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் உள்ளங்கையை என் தலையில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். காதுக்குப் பின்னால் கை நின்றது.

"யாரு போட்டது இது? பின்னாடி வுட்டுட்டாங்களே" என்றார். தொழில் செய்கிறவருடைய சலிப்பு அது.

பிளேடை எடுத்தார். கொட்டகை கேட்டது. காட்டினார். காதை மடக்கி, விட்டுப்போன இடத்தில் தண்ணீர் தொட்டார். பிறகு குனிந்தார்.

"யாருக்கு சார் வேண்டுதல்?"

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

கத்தி இரண்டு இழுப்பு போனது.

"எப்பிடி இருக்காரு இப்ப?"

"இருக்காரு."

"ம்" என்றார். "ஆடாதீங்க."